மூடியில் ஐந்து குச்சிகள்

என் வரைபடம்தான் அந்தத் தொழிற்சாலையிலேயே அழகானது. பார்க்க வந்த பெரிய மனிதர்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டினார்கள். இதை எழுதும்போதே எனக்குக் காது சூடாகிறது. இத்தனை வருடமாகியும் இந்தக் காதுக்கு வெட்கம் போகவில்லை.

எண்பதுகளின் நடுவில், பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் முடித்த கையோடு அந்த வேலை கிடைத்தது. ஈஜோக் பக்கம், செம்பனைக்கு நடுவில் தகரக் கூரை போட்ட தொழிற்சாலை. சுற்றியிருந்த எஸ்டேட்டுகளில் ரப்பரைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. பால் வெட்டிய பெண்களுக்கு வேலை போனது. கம்பெனி பஸ் விடிந்ததும் எஸ்டேட் வீட்டு வரிசையான லயத்து முனையில் வந்து நிற்கும். நேற்றுவரை வாளி தூக்கியவர்கள் நீல ஏப்ரன் மாட்டிக்கொண்டு அதில் ஏறுவார்கள். நான் ஏப்ரன் மாட்டவில்லை. எனக்கு வெள்ளைக் கோட்டு. அந்தக் கோட்டில் எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

நாங்கள் செய்தது கேசட் ரேடியோ மோட்டாருக்குள் சுழலும் எஃகுத் தண்டு. ஆபீசில் ஷாஃப்ட் என்பார்கள், நாங்கள் குச்சி என்போம். தீக்குச்சி நீளம்கூட இருக்காது, இரண்டு மில்லிமீட்டர் கனம். அந்தக் கனத்தில் ஒரு மயிரிழை கூடினாலும் மோட்டாருக்குள் போகாது. ஒரு மெஷின் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் துப்பும் குச்சிகளை ஒவ்வொன்றாக அளக்க முடியுமா? அதற்குத்தான் என்னைப் போன்றவர்களும் வரைபடமும். மணிக்கு ஒரு தடவை ஒவ்வொரு மெஷினுக்கும் போக வேண்டும். அப்போது மெஷினின் சரிவில் வந்து விழுந்த ஐந்து குச்சிகளை எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து, ஐந்தின் சராசரியைத் தாளில் ஒரு புள்ளியாக வைக்க வேண்டும். தாளில் நடுவே ஒரு கோடு, மேலேயும் கீழேயும் ஒவ்வொரு சிவப்புக் கோடு. புள்ளி சிவப்பைத் தாண்டினாலோ, நிற்காமல் ஒரே பக்கமாக ஏறிக்கொண்டே போனாலோ மெஷினை நிறுத்திச் சரிசெய்ய வேண்டும். ஆளைக் குறை சொல்ல அல்ல, மெஷினுக்கு என்ன கோளாறு என்று அது கெடுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கணக்கு.

கணக்கைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு சீன இன்ஜினியர். மெதுவாகப் பேசுவார், மலாயும் இங்கிலீஷும் கலந்து. கேன்டீனில் இரண்டு வாரம் வகுப்பு. ஐந்தை மட்டும் பார்த்தால் ஆயிரம் எப்படித் தெரியும் என்று யாரோ கேட்டார்கள். நான் முந்திரிக்கொட்டை மாதிரி எழுந்து, எங்கள் ஆட்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது, ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று மலாயில் சொன்னேன். அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். இதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது என்றார். பிறகு ஒன்று சேர்த்துச் சொன்னார்: எந்தச் சோறு என்று கண் தேர்ந்தெடுக்கக் கூடாது, அகப்பையில் வந்ததைத்தான் பார்க்க வேண்டும். அதை நோட்டில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன். அடிக்கோடு போட்டதோடு சரி.

எனக்கு ஒதுக்கிய நான்கு மெஷின்களில் ஒன்றில் எங்கள் லயத்து அத்தை இருந்தார். சொந்த அத்தை இல்லை. இரண்டு கதவு தள்ளி இருந்தவர், அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுவார், அதனால் அத்தை. எங்கள் அப்பா எஸ்டேட்டில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தபோது அவருக்குக் கீழே இருபது வருடம் பால் வெட்டியவர். கணவர் லோரியிலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து வீட்டோடு கிடந்தார். மகள் மூன்றாம் படிவம். அத்தை தற்காலிகத் தொழிலாளி. வருடக் கடைசியில் வேலையை நிரந்தரமாக்கிக் கடிதம் தருவார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் கடிதம் ஒன்றுதான் அந்த வீட்டின் நம்பிக்கை. லயத்தில் எல்லோருக்கும் அது தெரியும்.

முதல் நாள் நான் அளவெடுக்கப் போனபோது அத்தை தன் தூக்குச்சட்டியின் மூடியை நீட்டினார். மூடியில் ஐந்து குச்சிகள். எண்ணெய்த் தண்ணீர் போகத் துடைத்து, வரிசையாக அடுக்கியிருந்தார்.

"இந்தா தாயி. நல்லதா பாத்து எடுத்து வச்சிருக்கேன்."

அவரிடம் சிறிய இரும்பு வளையம் ஒன்று இருந்தது. குச்சி அதில் வழுக்கிக்கொண்டு போனால் நல்ல குச்சி. வேலைக்கு நடுவே எப்போதாவது ஒன்றைப் போட்டுப் பார்க்க அவருக்குக் கொடுத்தது அது. அவரோ எனக்காக ஒன்று ஒன்றாகப் போட்டுப் பார்த்து, ஐந்தைப் பொறுக்கி வைத்திருந்தார்.

அது எங்கிருந்து வந்த பழக்கம் என்று எனக்கு நன்றாகத் தெரியும். எஸ்டேட்டில் வெட்டுப் பார்க்கத் துரை வரும் நாளில் அப்பா விடியற்காலையிலேயே ஆட்களிடம் சொல்லிவிடுவார், எந்த வரிசைக்குக் கூட்டிக்கொண்டு வருவேன் என்று. பட்டையில் காயம் படாத மரமாக, வெட்டு சீராக இறங்கிய மரமாகப் பார்த்து துரையை நிறுத்துவார். துரையும் தலையாட்டிவிட்டுப் போவார். அதைத் திருட்டு என்று யாரும் நினைக்கவில்லை. வீட்டுக்கு வந்தவருக்கு ஓட்டைப் பாயைப் போடுவோமா? பார்க்க வருகிறவருக்கு நல்லதைக் காட்டுவது மரியாதை. அத்தைக்கு நான்தான் இப்போது துரை. வெள்ளைக் கோட்டு வேறு.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அரை நிமிட வேலை. "பொறுக்க வேணாம் அத்த, இந்தச் சரிவுல விழுறத நானே எடுத்துக்கறேன்." இவ்வளவுதான். சொல்லவில்லை. பெரியவரிடம் போய் அப்படிச் சொல்வதா என்று கூச்சம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். பொய். கூச்சம் கால்வாசி. அந்த எண்ணெய்த் தண்ணீருக்குள் கைவிட்டால் கோட்டின் கை நனையும், நாள் முழுக்க நாறும். மூடியில் இருந்தவை சுத்தமாக இருந்தன. இன்னொன்றும் உண்டு, அதுதான் சொல்லக் கேவலமாக இருக்கிறது. நான் படித்த கணக்கை ஏப்ரன் போட்டவர்களுக்கு விளக்க எனக்கு மனமில்லை. அது வெள்ளைக் கோட்டு போட்டவர்களுக்கு மட்டும் தெரிந்த வித்தையாக இருக்கட்டும் என்று இருந்தேன்.

இப்படியே மாதங்கள் போயின. மணிக்கு ஒரு மூடி. நான் அளந்து முடிக்கும்வரை அத்தை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

"எப்படி இருக்கு தாயி?"

"நல்லா இருக்கு அத்த."

அவர் முகத்தில் பரீட்சை பாஸான சிரிப்பு வரும். வெறும் மூடியை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு மெஷினுக்குத் திரும்புவார்.

மற்ற மூன்று மெஷின்களிலும் புள்ளிகள் எறும்பு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும். குச்சியைத் தேய்க்கும் சாணைக்கல் தேயத்தேய, குச்சியின் கனம் கூடும். புள்ளி ஏறியதும் கல்லைச் சரிசெய்வார்கள், புள்ளி இறங்கும். மறுபடி ஏறும். அதுதான் இயற்கை, இன்ஜினியரே படம் போட்டுக் காட்டியிருந்தார். அத்தையின் மெஷினில் மட்டும் புள்ளிகள் நடுக்கோட்டை விட்டு அசையவே இல்லை. தேயாத கல் உலகத்தில் உண்டா? ஆனால் அந்தத் தாளை நோட்டீஸ் பலகையில் ஒட்டினார்கள். மேனேஜர் என் தோளைத் தட்டினார். நான் வீட்டில் போய் அதைச் சொன்னேன், அம்மா லயம் முழுக்கச் சொன்னார்.

வருடக் கடைசிக்கு ஒரு மாதம் இருக்கும். ஒரு நாள் காலையில் அத்தை கழிவறைக்குப் போயிருந்த நேரம் நான் போய் நின்றேன். மூடி இல்லை. வேறு வழியில்லாமல் சரிவில் விழுந்த ஐந்தை எடுத்து அளந்தேன். முதல் குச்சியை அளந்ததும் மைக்ரோமீட்டரைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். ஐந்தும் தடித்தவை. சராசரி போட்டுப் பார்த்தால் சிவப்புக் கோட்டுக்கு மேலே, தாளின் விளிம்புக்குப் பக்கத்தில் நின்றது.

பென்சில் கையில் இருந்தது. அந்த ஒரு புள்ளியை வைத்தால் மெஷின் நிற்கும். இன்ஜினியர் வருவார். நேற்றுவரை நேராகப் போன கோடு இன்று எப்படி ஒரே தாவலில் இங்கே வந்தது என்று கேட்பார். மாதக்கணக்கில் நான் எதை அளந்தேன் என்று கேட்பார். அத்தை ஏப்ரனில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"செத்த நேரம் பொறு தாயி, இப்ப எடுத்துத் தாரேன்."

வளையத்தில் போட்டுப் போட்டுப் பார்த்தார். அன்று ஐந்து கிடைக்க வெகுநேரம் ஆனது. "இன்னிக்கி என்னான்னே தெரியல, நல்லதே ஆப்ட மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்தார். நான் காத்திருந்தேன். அவர் கொடுத்த ஐந்தை அளந்து நடுக்கோட்டில் புள்ளி வைத்தேன். சரிவிலிருந்து எடுத்த ஐந்தையும் நல்ல பெட்டிக்குள்ளேயே திரும்பப் போட்டேன். நாளைக்குக் கல்லை மாற்றச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன். நாளையும் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது, நான் சொல்லவில்லை.

மூன்று வாரத்தில் பெட்டிகள் திரும்பி வந்தன. குச்சி மோட்டாருக்குள் நுழையவில்லை என்று வாங்கியவர்கள் அனுப்பிவிட்டார்கள். எல்லாம் அத்தையின் மெஷினில் ஓடியவை. இன்ஜினியர் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசை நிறைய என் தாள்கள். அவர் கோபமாக இல்லை, குழம்பியிருந்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். இந்த ஐந்து ஐந்தையும் எங்கிருந்து எடுத்தாய்?

"சரிவில் விழுந்ததை, சார். நீங்கள் சொல்லிக் கொடுத்தபடி."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். அவர் என்னை நம்பினார். நம்பியதும் அவருக்குக் கணக்கு நேராகிவிட்டது. மெஷினில் விழுந்த குச்சிகள் சரியானவை என்றால், பெட்டிக்குள் தடித்த குச்சி வந்தது எப்படி? ஒதுக்கித் தள்ளிய கழிவுப் பெட்டியை யாரோ நல்ல பெட்டியில் கொட்டியிருக்க வேண்டும். எண்ணிக்கை கூட்டிக் காட்டச் சிலர் அப்படிச் செய்வதுண்டு. யாரோ என்ன யாரோ, அந்த மெஷினில் இருந்தது ஒரே ஆள்.

அத்தையைக் கூப்பிட்டார்கள். மீன்காரனிடம் பேரம் பேசுகிற மலாய் அவருக்குத் தெரியும். ஆபீசுக்குள் குளிர்காற்றில் நின்றதும் அதுவும் ஓடிவிட்டது. தமிழில் சொல்லட்டும், நீ மொழிபெயர் என்றார் இன்ஜினியர். கழிவுப் பெட்டியைக் கொட்டினாயா என்று அவர் கேட்டதை நான் தமிழில் கேட்டேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை முழுக்க எண்ணெய்.

"ஐயோ, நா ஏன் தாயி அப்படிச் செய்யப்போறேன்? நீயே சொல்லு. மணிக்கு மணி ஒனக்கு நல்லதா அஞ்சு பொறுக்கி வைக்கல? வளையத்துல போட்டுப் பாத்துத்தான வச்சேன்? மூடியில வச்சுத்தான குடுத்தேன்? அதச் சொல்லு அவருக்கிட்ட."

அதை நான் சொல்லியிருந்தால் போதும். இன்ஜினியர் கணக்குத் தெரிந்தவர். பொறுக்கி என்ற ஒரு சொல் அவர் காதில் விழுந்திருந்தால் மீதி எல்லாம் அந்த நொடியிலேயே அவருக்கு விளங்கியிருக்கும். அத்தை தன்னைக் காப்பாற்றும் சாட்சியைத் தன் வாயாலேயே சொல்லிவிட்டார். அது வெளியே போக ஒரே வாசல் நான்தான்.

நான் மலாயில் சொன்னேன்: "தான் கவனமாகத்தான் வேலை செய்ததாகச் சொல்கிறார். கொட்டவில்லை என்கிறார்."

அத்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் சொன்னதெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பி, இன்ஜினியரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இன்ஜினியர் கொஞ்ச நேரம் தாள்களைப் பார்த்தார். பிறகு அனுப்பிவிட்டார்.

அந்த வாரத்தோடு அத்தையை நிறுத்தினார்கள். தற்காலிகத் தொழிலாளியை நிறுத்தக் காரணம் எழுத வேண்டியதில்லை. ஏப்ரனை மடித்து ஸ்டோரில் கொடுத்துவிட்டு, தூக்குச்சட்டியோடு என்னிடம் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீ எனக்காக ஆபீசுல பேசுனியே தாயி, அது போதும். அவுங்க நம்பல, நீ என்னா செய்வ?"

அன்று பஸ்ஸில் அவர் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். அதற்கப்புறம் சில மாதத்தில் அவர்கள் குடும்பம் லயத்தை விட்டுப் போய்விட்டது. மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று அம்மா சொன்னார். எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாள் இறங்கியது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அத்தையின் இடத்துக்கு வந்த மலாய்ப் பெண்ணிடம் முதல் நாளே சொன்னேன், பொறுக்காதே, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று. அரை நிமிடம்தான் ஆனது. அன்றைய முதல் புள்ளியே சிவப்புக் கோட்டுக்கு மேலே விழுந்தது. இன்ஜினியர் அந்தத் தாளை எடுத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் கல்லை மாற்றச் சொல்லிவிட்டுப் போனார். அவருக்கு அன்றே தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்தும் அத்தையைத் திரும்பக் கூப்பிடவில்லை. அந்த வகையில் நாங்கள் இருவரும் கூட்டாளிகள். அடுத்த வருடம், புதிதாக வரும் பெண்களுக்கு இந்தக் கணக்கைச் சொல்லித் தரும் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். சோற்றுப் பழமொழியை நான் ஒரு வகுப்பிலும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் கழிந்திருக்கும். கல்யாணம் நிச்சயமாகி, வீட்டுக்கு விருந்தாளி வருகிறார்கள் என்று இறால் வாங்க அம்மா என்னை மீன்பிடி ஊரான பாசிர் பெனம்பாங்குக்கு அனுப்பினார். ஆற்றோரக் கொட்டகையில் ஐஸ் கூடைகளுக்கு முன்னால் முக்காலி போட்டு இறால் தரம் பிரித்துக்கொண்டிருந்தவர் தலையை நிமிர்த்தினார். அத்தை. விரல் நுனியெல்லாம் ஊறி வெளுத்திருந்தது.

"அடடே, நீயா தாயி! பசியாறுனியா? எத்தன கிலோ வேணும்? மொதலாளி தவுக்கே அங்கிட்டு நிக்கறாரு, நா பாத்துப் போடறேன்லா."

கூடைக்குள் கையை விட்டார். ஒவ்வொன்றாக எடுத்து, தலை உடையாததாக, ஓடு மின்னுவதாகப் பார்த்துப் பார்த்துப் பையில் போட்டார். சின்னது வந்தால் தள்ளினார். என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஓடிப்போயிருக்கலாம். வாய் தானாகத் திறந்தது.

"பொறுக்காதீங்க அத்த. கைக்கு வந்ததப் போடுங்க."

"தெரிஞ்ச புள்ளைக்கிக் கைக்கு வந்ததப் போடுவாங்களா?"

"அன்னிக்கி அந்தக் குச்சியும் கைக்கு வந்ததத்தான் எடுத்திருக்கணும். நீங்க வேல செய்யற லட்சணத்தப் பாக்க இல்ல அத்த அது. மெஷினப் பாக்க. கல்லு தேயுதான்னு பாக்க. நீங்க நல்லதாப் பொறுக்கிக் குடுத்ததால கல்லு தேஞ்சது யாருக்கும் தெரியாமப் போச்சி."

அத்தையின் கை ஐஸுக்குள் நின்றது.

"மெஷினப் பாக்கவா? நா என்னயப் பாக்கறாங்கன்னுல நெனச்சேன்."

"ஆமா அத்த."

"ஒனக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

அவர் யோசித்தார். அவர் ஒன்றும் விவரம் இல்லாதவர் அல்ல. யாராவது ஒரு தடவை சொல்லியிருந்தால் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் செய்திருப்பார்.

"அன்னிக்கி ஆபீசுல நா சொன்னேனே, அஞ்சு அஞ்சாப் பொறுக்கி வச்சேன்னு. அத அவருக்கிட்ட சொன்னியா, இல்லியா?"

"சொல்லல அத்த."

கொட்டகையில் ஐஸ் உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை, முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பையில் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்த இறாலையெல்லாம் கூடைக்குள் திரும்பக் கொட்டினார். இரண்டு கையாலும் கூடையை ஒரு கிளறு கிளறினார். பிறகு எங்கோ ஆற்றைப் பார்த்தபடி, கைக்கு வந்ததை அள்ளிப் பையில் போட்டு, தராசில் வைத்து, என் பக்கம் தள்ளினார்.

"இந்தா."

வீட்டில் அம்மா இறாலைச் சட்டியில் கொட்டிப் பார்த்துவிட்டு, பாதி சின்னதும் தலை உடைந்ததுமாக இருக்கிறதே, பார்த்து வாங்கத் தெரியாதா என்று கத்தினார். கல்யாணம் ஆகப்போகிற பெண்ணுக்கு இதுகூடத் தெரியாதா என்றார். நான் அருவாமனையை எடுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, ஒன்றைக்கூட ஒதுக்காமல் எல்லாவற்றையும் ஆய்ந்தேன்.